கடலோர விடுமுறை – 7: இரவு தங்காதவருக்குச் சிதம்பரம் கிடைக்காது

குடும்பத்தோடு எங்காவது போய்வரலாம் என்று பேச்சு எழுந்ததும் முதலில் ஊர், அடுத்து வண்டி, கடைசியில் அறை என்றுதான் நம் வீடுகளில் திட்டம் போடுகிறோம். அறை என்றால் இரவில் தலை சாய்க்க ஓர் இடம், அது பக்கத்து ஊரில் கொஞ்சம் நன்றாகக் கிடைத்தால் அங்கேயே போட்டுவிடலாம் என்ற எண்ணம். வெப்பமண்டலக் கடற்கரையில் இந்தக் கணக்கு சரிப்படாது. இங்கே பகல் முழுவதும் ஒரே தரமானதல்ல. விடியலிலிருந்து பத்து, பத்தரை வரை ஒரு பொழுது. வெயில் தாழ்ந்ததிலிருந்து இரவு வரை இன்னொரு பொழுது. நடுவில் இருப்பதை வெயில் எடுத்துக்கொள்கிறது. அந்த இரண்டு நல்ல பொழுதுகளிலும் நாம் எங்கே நிற்கப்போகிறோம் என்பதைத் தீர்மானிப்பது நாம் எடுக்கும் அறைதான். ஆகவே முதலில் எந்த நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும், அந்த நேரத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் அறையைத் தேட வேண்டும், வசதியும் வாடகையும் அதற்குப் பிறகு வரட்டும். இந்தத் தொடரில் இதுவரை பார்த்த ஊர்களைவிட இதற்குத் தெளிவான சான்று சிதம்பரம்.

புதுச்சேரியில் அறை போட்டுக்கொண்டு சிதம்பரம் நடராசர் கோயிலையும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டையும் ஒரே பகலில் முடித்துத் திரும்புவது இப்போது பலருக்கு வழக்கம். அந்தப் பகல் எப்படிப் போகிறது என்று பாருங்கள். காலைச் சாப்பாடு அறை வாடகையிலேயே அடக்கம் என்பதால் அதை விட்டுக் கிளம்ப மனம் வராது. கடலூரைத் தாண்டி வர வேண்டிய தூரம் சுமார் 65 கிலோமீட்டர். சிதம்பரத்தில் வண்டியை நிறுத்த இடம் பார்த்து, செருப்பை விட்டுவிட்டு, கீழ கோபுரத்துக்குள் நுழையும்போது பதினொன்று ஆகிவிடும். நண்பகல் 12 மணியை ஒட்டி நடை சாத்துகிறார்கள். மறுபடி திறப்பது மாலை 5 மணி வாக்கில். கடைசி அரை மணி நேரக் கூட்டத்தில் எட்டிப் பார்த்துவிட்டு, சாப்பிட்டு, சுமார் 15 கிலோமீட்டர் கிழக்கே பிச்சாவரம் போனால் உச்சி வெயில். படகுக்கு வரிசை. பறவைகள் நிழலுக்குள் ஒதுங்கிவிட்ட நேரம், கடற்காற்று கிளம்பித் திறந்த நீர்ப்பரப்பில் துடுப்பு போடுவது கடினமாகிற நேரம். இரண்டு இடத்துக்கும் போயிருப்பார்கள். இரண்டையும் மோசமான நேரத்தில் பார்த்திருப்பார்கள்.

நான்கு வழிச் சாலை வந்துவிட்டதே, விடியற்காலையில் கிளம்பினால் முதலில் பிச்சாவரம், மாலையில் கோயில் என்று மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் சாலை தூரத்தைத்தான் சுருக்கியது, நடை சாத்தும் நேரத்தை மாற்றவில்லை. பிச்சாவரத்திலிருந்து பதினொன்றரைக்குச் சிதம்பரம் திரும்பும் குடும்பம் மாலை ஐந்து வரை என்ன செய்யும்? கைக்குழந்தைக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் அந்த ஐந்தரை மணி நேரம் படுக்க ஓர் இடம் வேண்டும், குளிக்கத் தண்ணீர் வேண்டும். காருக்குள் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஓய்வாகாது. மாலையில் கோயிலுக்குப் போனாலும், ஓட்டுநர் திரும்ப வேண்டுமே என்று ஏழு மணிக்கே மனம் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும். நடுப்பகலுக்கு ஓர் அறை தேவை என்று ஒத்துக்கொண்ட பிறகு அந்த அறையிலேயே இரவும் தங்குவதுதான் முறை.

இரவு தங்கினால் என்ன கிடைக்கும்? இந்தக் கோயிலின் நாள் ஆறு கால பூஜைகளால் ஆனது. பகலில் வந்து போகிறவருக்கு அதில் ஒன்றோ இரண்டோதான் எட்டும். நாளின் இரண்டு முனைகளும்தான் இங்கே அரியவை. இரவு அர்த்தஜாமத்தில் இறைவனின் திருவடிகளைச் சிற்சபையிலிருந்து பல்லக்கில் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்கிறார்கள். காலையில் அங்கிருந்து திரும்ப எழுந்தருளிய பிறகே அன்றைய வழிபாடு தொடங்குகிறது. அர்த்தஜாமம் முடிய இரவு பத்து மணி ஆகிவிடும். வெளியூர்க் கூட்டம் போய்விட்டிருக்கும். ஊர்க்காரர்கள், பூக்கடைக்காரர்கள், ஓதுவார், தினமும் அந்த நேரத்துக்கு வரும் சில பெரியவர்கள், இவ்வளவு பேர்தான். மணி ஓய்ந்து வெளியே வந்தால் மேலவீதியோ தெற்கு வீதியோ நடந்தே அறைக்குப் போய்விடலாம். காலையில் குளித்துவிட்டு மறுபடி நடந்தே வரலாம். இந்த நடைதூரத்துக்கு எந்த நட்சத்திர விடுதியின் நீச்சல் குளமும் ஈடல்ல என்பது என் உறுதியான கருத்து. முற்பகலில் மாணிக்க நடராசரான ரத்தினசபாபதிக்கு நடக்கும் அபிஷேகமும், மாணிக்க மேனிக்குப் பின்னால் தீபத்தைக் காட்டும்போது அது சிவந்து ஒளிர்வதும் அவசரப்பட்டு வருகிறவர்கள் பலர் தவறவிடுகிற காட்சி.

பிச்சாவரத்துக்கு மறுநாள் காலை. படகுத்துறை திறந்ததும் முதல் படகுகளில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். துடுப்புப் படகையே கேட்டு வாங்க வேண்டும். மோட்டார் படகு அகலமான நீர்வழிகளோடு நின்றுவிடும். துடுப்புப் படகுதான் இருபுறமும் கிளைகள் கவிந்த சின்னக் கால்வாய்களுக்குள் நுழையும். அங்கே படகுக்காரர் துடுப்பை எடுத்துவிட்டு வேர்களையே கையால் பிடித்துப் படகை இழுத்துக்கொண்டு போவார். சுரபுன்னையின் வேர்கள் கூடாரக் கம்புகளைப் போல மேலிருந்து வளைந்து சேற்றில் ஊன்றி நிற்கும். வெண்கண்டலுக்கோ சேற்றைத் துளைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் குச்சி வேர்கள் மேலே நிற்கும், மூச்சு விடுவதற்காக. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் விரிந்துள்ள இந்தக் காட்டில்தான் தில்லை மரமும் வளர்கிறது. நடராசர் கோயிலின் தலமரம் அதுவே. ஒடித்தால் பால் வடியும், அது கண்ணில் பட்டால் ஆபத்து, உதிரும் முன் இலை சிவக்கும். முந்தின இரவு கோயிலில் இருந்தவர் மறுநாள் காலை அந்த மரத்தைச் சேற்றில் நிற்கக் காண்பது சாதாரண அனுபவமல்ல. ஊரும் காடும் ஒரே நிலத்தின் இரண்டு பக்கங்கள் என்பது அப்போது விளங்கும்.

பகலில் வந்து தங்காமல் போகும் இந்த வழக்கம் கரீபியன் தீவுகளில் இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. பயணக் கப்பலில் வருகிறவர்கள் காலையில் இறங்கி, துறைமுகத்தைச் சுற்றிச் சில மணி நேரம் கழித்து, மாலையில் கப்பலுக்கே திரும்பிவிடுகிறார்கள். தங்குகிற பயணிகள் விட்டுச்செல்லும் பணத்தில் சிறு பங்குதான் இவர்களால் அந்தத் தீவுகளுக்குக் கிடைக்கிறது. எல்லாம் அடங்கிய விடுதிகளில் அறை எடுப்பவர்களோ மதில் சுவருக்குள்ளேயே சாப்பிட்டு, குளித்து, தூங்கிவிட்டு ஊரைப் பாராமலே ஊர் திரும்புகிறார்கள். நம்மவருக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு குவாதலூப். 1854 டிசம்பர் முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே இருக்கிறார்கள். இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக நெடுங்காலம் வழக்காடிய ஹென்றி சிதம்பரம் 1863இல் பிறந்தது அந்தத் தீவின் காபெஸ்தேர் ஊரில். அந்த ஊரில் இன்றும் தமிழ் வழிபாட்டு முறையில் வந்த ஷாஞ்சி கோயில் இருக்கிறது. விடுதிகள் குவிந்திருப்பதோ தீவின் இன்னொரு பகுதியான கொசியே பக்கம். கடற்கரை அழகாக இருக்கிறதே என்று கொசியேயில் மட்டும் தங்கிவிடுகிற தமிழர் தம் சொந்தக்காரர்களின் தீவைப் பார்க்காமலே விமானம் ஏறக்கூடும். காபெஸ்தேரில் ஓர் எளிய வீட்டறை எடுத்தால் அந்தத் தீவு வேறொன்றாகிவிடும்.

சிதம்பரத்தில் நல்ல அறையே கிடைக்காது என்பதுதான் அடிக்கடி சொல்லப்படும் குறை. அதில் உண்மை இருக்கிறது. இது சுற்றுலாப் பயணிக்காக வளர்ந்த ஊர் அல்ல. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், அதனோடு வளர்ந்து இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட அண்ணாமலை நகர் மருத்துவமனையும், கோயிலும் இங்குள்ள லாட்ஜுகளுக்கு ஆளைக் கொடுக்கின்றன. பிள்ளையைச் சேர்க்க வந்த அப்பா, படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ள வந்த உறவினர், தரிசனத்துக்கு வந்த குடும்பம் என்று ஓரிரு இரவு தங்கிப் போகிறவர்கள். அவர்களுக்கு வேண்டியது சுத்தமும் குறைந்த வாடகையும். தோட்டமோ அலங்காரமோ அல்ல. ஆனால் இதே காரணத்தால் ஒரு நன்மையும் உண்டு. நம் ஊர்களின் பல லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்கு இருக்கிறது: நுழைந்த நேரத்திலிருந்து ஒரு நாள். காலையில் எழும்பூரில் கிளம்பும் சோழன் எக்ஸ்பிரஸ் நண்பகலை ஒட்டிச் சிதம்பரம் சேர்கிறது. கோயில் நடை சாத்துகிற அதே நேரத்தில் அறைக்குள் நுழைந்து படுத்துவிட்டு, மாலையும் இரவும் கோயில், மறுநாள் காலை பிச்சாவரம், திரும்பி வந்து குளித்து அறையைக் காலி செய்வது என்று இந்த ஊரின் நேரத்துக்கே அளந்து தைத்தது மாதிரி அமைகிறது. காலையிலேயே காலி செய்யச் சொல்லும் இடம் என்றால் இந்தத் திட்டம் குலைந்துவிடும். போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். அடுத்து, வெந்நீர் எந்த நேரம் வரும் (பல இடங்களில் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும்), மாடிக்கு லிஃப்ட் உண்டா, ஜன்னலுக்குக் கொசுவலை இருக்கிறதா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா, அறை வீதியைப் பார்த்ததா பின்பக்கமா. மார்கழி விடியலில் வீதி அறைக்காரருக்கு ஒலிபெருக்கியே அலாரம். படங்களையும் நட்சத்திரக் குறிகளையும் நம்புவதைவிட இந்த ஐந்து நிமிடப் பேச்சை நம்பலாம். முதியவர்கள் இருந்தால் தேரோடும் வீதிகளை ஒட்டிய அறை. மருத்துவமனை, பல்கலைக்கழக வேலையும் சேர்ந்திருந்தால் ரயில் நிலையப் பக்கம், அங்கிருந்து அண்ணாமலை நகர் தண்டவாளத்துக்கு மறுபுறம்தான்.

அப்படியானால் பிச்சாவரத்திலேயே, நீர்க்கரையிலேயே தங்கலாமே, விடியலைப் படகுத்துறையிலிருந்தே பார்க்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். ஆசை புரிகிறது. அங்கே பெரிய விடுதிகள் பெருகுவதை நான் விரும்பவில்லை என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம் அது. 2004 சுனாமிக்குப் பிறகு பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்து ஆய்வாளர்கள் 18 கடலோரக் குடியிருப்புகளை ஆராய்ந்து 2005இல் எழுதினார்கள்: கடலிலிருந்து தூரம், தரையின் உயரம், முன்னால் நின்ற மரங்கள், இவை மூன்றும் சேர்ந்தே உயிர்ச்சேதத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்தன. கடலோர மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு கடும் சேதம் கண்டது. காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் பெரிதும் தப்பின. அந்தக் காட்டின் விளிம்பில் அறைகளும் கழிவுநீரும் ஜெனரேட்டர் சத்தமும் கூடக்கூட, நாம் பார்க்க வந்ததே குறைந்துவிடும். ஊரில் தங்கிக் காட்டுக்குப் போய்வருவது பயணிக்கு நல்லது, காட்டுக்கும் நல்லது. வாடகையும், காலை இட்லிக்கும் கொத்சுக்கும் கொடுக்கும் பணமும், ஆட்டோக்காரருக்குத் தருவதும் ஏற்கெனவே இருக்கும் ஊருக்குள்ளேயே சேரும்.

இனி நாள். கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம்; அப்போது விடுதிகள் வாடகையைக் குறைக்கின்றன, குறைந்த வாடகையைப் பார்த்து மயங்கியவர்கள் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். நமக்கு அந்தக் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் இதே கரையில் வந்தது. மழைக்காலத்தில் முன்பணம் கட்டும் முன், புயல் எச்சரிக்கை வந்தால் பணம் திரும்புமா என்று கேட்டுவிட வேண்டும். படகு நின்றுவிடும் நாளில் அறையில் இருந்து பயனில்லை. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை மிக நல்ல காலம்: மழைக்குப் பின் நீர் நிறைந்திருக்கும், வலசைப் பறவைகள் இன்னும் இருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்திரா தரிசனம் இரண்டுக்கும் மூலவரே தேரேறி வருவதால் ஊர் நிரம்பிவிடும். மகாசிவராத்திரியை ஒட்டி 1981 முதல் நடந்துவரும் நாட்டியாஞ்சலி நாட்களிலும் அப்படித்தான். தரிசனமே நோக்கம் என்றால் மாதக்கணக்கில் முன்னதாகச் சொல்லிவைத்து வாருங்கள். அர்த்தஜாமமும் தில்லை மரமும்தான் வேண்டும் என்றால் பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த நாட்களை ஒதுக்கிவிட்டு, வார நடுவில் ஒரு செவ்வாயோ புதனோ எடுத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறுகளில் நீளும் படகு வரிசையும் அன்று இருக்காது.