10 மாத அட்வான்ஸ் கேட்டால் கொடுக்கணுமா? சென்னையில் வீடு தேடுவோர் கவனத்துக்கு

வாடகை 20 ஆயிரம். "அட்வான்ஸ் பத்து மாசம் சார், இங்க எல்லாரும் அப்படித்தான்" என்கிறார் புரோக்கர். சுளையாக 2 லட்சம்!

2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது. ஆனால் ஒரு ஓட்டை: இருவரும் வேறு தொகைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அதுதான் செல்லும். எனவே பேரத்தை அக்ரிமென்ட்டுக்கு முன்பே முடிக்க வேண்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதிப் பணம் கைக்கு வர வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுதி வாங்குவது நல்லது. பெரும்பாலான சண்டை அங்கேதான்.

திருவான்மியூர் பக்கம் என்றால் குழாயைத் திறந்து உப்புத் தண்ணீரா எனப் பார்க்கலாம். வேளச்சேரியில், 2015 வெள்ளத்தில் தண்ணி எதுவரை வந்துச்சு என்று கேட்கலாம். ஓனரிடம் அல்ல, தரைத்தளத்துக்காரரிடம்.