இரண்டு நாள் பயணத்துக்கு எத்தனை பை?

“இந்தச் சனி, ஞாயிறு கண்டிக்குப் போய் வருவோமா?” என்று வீட்டில் பேச்செழுந்தால் போதும். பிள்ளைகள் துள்ளுவார்கள். கணவர் பஸ் நேரம் விசாரிப்பார். வீட்டுத் தாய்க்கோ அந்த நிமிடத்திலிருந்தே வேலை தொடங்கிவிடும். உடுப்புக் கழுவி, காய வைத்து, அயன் பண்ணி, மடித்து, அடுக்கி, இறுதியில் பையின் மேல் முழங்காலை வைத்து அழுத்திச் ‘சிப்’ போடும்வரை அவளுக்கு ஓய்வில்லை. மற்றவர்களுக்கு அது உல்லாசப் பயணம். அவளுக்கு அது வீட்டையே பெயர்த்தெடுத்துக்கொண்டு போகும் வேலை.

நானும் அப்படித்தான் இருந்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலை விடுமுறையில் தெஹிவளையிலிருந்து கண்டிக்குப் போனோம். நாங்கள் ஐந்து பேர்: நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமி. இரண்டே இரவுகள். நான் கட்டியதோ ஒரு சூட்கேஸ், இரண்டு பெரிய பைகள், ஒரு சாப்பாட்டுக் கூடை. போதாதென்று கடைசி நேரத்தில் நினைவு வந்தவற்றைத் திணித்த இரண்டு ஷொப்பிங் பேக்குகள் வேறு.

கடுகண்ணாவையில் நடந்தது

காலையிலும் பை கட்டி முடியவில்லை. மாமி வழக்கம்போல நீரிழிவுக் குளிசையைப் போட்டுக்கொண்டார். “பஸ்ஸில் ஏறியதும் சாப்பிடலாம் மாமி” என்று நான் அவசரப்படுத்தினேன். கோட்டையில் பஸ்ஸில் இடம் பிடிக்கும் அமளியில் சாப்பாட்டுக் கூடையும் பைகளோடு சேர்ந்து பின்பக்க டிக்கிக்குள் போய்விட்டது. கொழும்பிலிருந்து கண்டிக்குச் சுமார் 115 கிலோமீற்றர். மூன்று மணித்தியாலங்களுக்கு மேல் செல்லும்.

மாவனல்லையைத் தாண்டி கடுகண்ணாவை வளைவுகளில் பஸ் ஏறும்போது, “மகள், எனக்கு என்னவோ செய்யுது” என்றார் மாமி. முகமெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. கேட்டதற்குப் பதில் தடுமாறி வந்தது. சீனி குறைந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. ஆனால் பாண், பழம், பேரீச்சம்பழம், பிஸ்கட் எல்லாம் டிக்கியில் இருந்தன. என் மடியில் இருந்த பையில் துவாய்கள்தான்!

முன் ஆசனத்தில் இருந்த ஒரு ராத்தா திரும்பிப் பார்த்து, தன் கைப்பையிலிருந்து ஒரு பிடி டொஃபியும் ஒரு சிறு பழச்சாறுப் பக்கற்றும் எடுத்துத் தந்தார். மாமிக்கு நினைவு தெளிவாக இருந்ததால் வாயால் கொடுக்க முடிந்தது. கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. அல்ஹம்துலில்லாஹ்.

கண்டியில் இறங்கியபோது நாங்கள் பைகளை எண்ணிக்கொண்டு நின்றோம். அந்த ராத்தா ஒரு தோள்பையை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். “உங்கள் சாமான் இவ்வளவுதானா?” என்று கேட்டேன். “மகள் வீட்டில் இரண்டு நாள்தானே தங்கப்போகிறேன். இதற்கு மேல் எதற்கு?” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு என்னை யோசிக்க வைத்தது. ஆறு சுமை கட்டினேன். தேவைப்பட்ட நேரத்தில் தேவைப்பட்ட ஒன்று கைக்கெட்டவில்லை.

‘தேவைப்பட்டால்?’ என்ற பயம்

வீடு திரும்பிப் பைகளைப் பிரித்தபோது, கொண்டுபோன உடுப்பில் பாதிக்குமேல் மடிப்புக் கலையாமலே இருந்தது. ‘தேவைப்பட்டால்?’ என்ற ஒரே எண்ணத்தில்தான் அவற்றைச் சுமந்திருந்தேன். கண்டி காடல்லவே! சவர்க்காரமும் பற்பசையும் அங்கும் கடையில் இருக்கின்றன.

பயணிக்கு மார்க்கம் தொழுகையையே சுருக்கவும் சேர்க்கவும் சலுகை தந்திருக்கிறது. நாமோ பயணமென்றதும் சுமையைக் கூட்டிக்கொள்கிறோம்.

எதைக் குறைக்கலாம்?

இரண்டு இரவுப் பயணத்துக்குப் பெண்களுக்கு உடுத்திப்போகும் உடுப்பு, மாற்ற ஒன்று, படுக்க ஒன்று போதும். உள்ளாடை மட்டும் நாளுக்கு ஒன்று. ஆண்களுக்கு ஒரு காற்சட்டை, இரண்டு சேர்ட், ஒரு சாரன். சிறு பிள்ளைகளுக்கு ஒரு சோடி கூடுதலாக வையுங்கள். சேற்றிலும் ஐஸ்கிறீமிலும் அவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை.

தடித்த ஜீன்ஸ் பாரம் கூடியது, நனைந்தால் இலேசில் காயாது. மெல்லிய துணியை இரவில் அலசி, துவாய்க்குள் சுருட்டிப் பிழிந்து, மின்விசிறியின் கீழ் விரித்தால் காலையில் உடுத்தலாம். ஆனால் கண்டியின் ஈரக் காற்றில் தடித்த பருத்தி காயுமென்று நம்பவேண்டாம். நகரம் சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் தெரியும். ஆளுக்கொரு ஸ்வெட்டர் போதும். அதையும் பையில் வைக்காமல் கையில் எடுத்தால் பஸ்ஸில் தலையணையாகும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை அதிகம். மடக்குக் குடையை மறக்கவேண்டாம்.

பெரிய துவாய்க்குப் பதில் மெல்லிய சாரன் துண்டு எடுக்கலாம். தண்ணீர் ஒரு லீற்றர் என்றால் ஒரு கிலோ. ஐந்து பேருக்கும் பெரிய போத்தல் சுமப்பதைவிட ஆளுக்கொரு அரை லீற்றர் போத்தல் கொடுத்து, வழியில் நிரப்பிக்கொள்ளலாம். ஷாம்பூ போத்தல் வேண்டாம், சிறு பக்கற் போதும்.

உடலை முழுதாய் மறைக்கும் அபாயாவும், தலைத்துணியும், ஒரு சோடி காலுறையும் இருந்தால் தனியாகத் தொழுகை உடை தேவையில்லை. தடித்த முஸல்லாவுக்குப் பதில் சுத்தமான மெல்லிய துணியொன்று கைப்பையில் அடங்கிவிடும்.

எதைக் குறைக்கவே கூடாது?

குளிசைகள், கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, பணம், ஃபோன், சார்ஜர். இவை எப்போதும் கைப்பையில், உங்கள் மடியில் இருக்கவேண்டும். குளிசையை இரண்டு நாள் கூடுதலாக எடுங்கள். நீரிழிவுள்ளவர் உடன் வந்தால் டொஃபி, குளுக்கோஸ் அல்லது இனிப்பான பழச்சாறு உங்கள் கையிலும் இருக்கட்டும், அவர் கையிலும் இருக்கட்டும். குளிசை போட்டவரைப் பசியோடு பயணம் கூட்டிப்போகாதீர்கள். நினைவு மயங்கியவருக்கு வாயில் எதையும் ஊட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அவரவர் பை அவரவர் தோளில்

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஆளுக்கொரு பை, அதைக் கட்டுவதும் சுமப்பதும் அவரவரே. மகனின் சேர்ட்டை நான் தேடித் தருவதில்லை. முதல் தடவை அவன் சாரனை மறந்து போனான். வாப்பாவின் சாரனை இரவல் வாங்கி உடுத்தான். அடுத்த தடவை மறக்கவில்லை. மாமியின் உடுப்பை மட்டும் நாங்கள் பங்கு போட்டு எடுக்கிறோம்.

பைகளை முந்திய இரவே கட்டி முடித்து, ஒவ்வொருவரும் தம் பையைத் தோளில் மாட்டி வீட்டுக்குள் பத்து நிமிடம் நடந்து பார்க்கவேண்டும். தோள் வலித்தால் ஏதாவது ஒன்றை அலுமாரியில் திருப்பி வைக்கவேண்டும். பையில் கால்வாசி வெறுமையாகவும் இருக்கட்டும். கண்டிச் சந்தையில் ஏலமும் கறுவாவும் வாங்காமல் எந்தப் பெண் திரும்புகிறாள்?

இன்னொரு முறை போனோம்

அடுத்த வருடம் அதே ஐவரும் மீண்டும் கண்டிக்குப் போனோம். காலைச் சாப்பாட்டை வீட்டிலேயே ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். கொழும்பிலிருந்து போகும் பஸ் கண்டிக்கு முன்னரே பேராதனைப் பூங்காவைக் கடந்துதான் போகிறது. முதல் தடவை சுமைகளோடு அங்கே இறங்குவதை நினைக்கவும் முடியவில்லை. மறுநாள் போகலாமென்றால் அன்று மழை. அறையிலேயே பொழுது போயிற்று.

இம்முறை வாசலிலேயே இறங்கிவிட்டோம். 147 ஏக்கர் பூங்காவை முழுதாகப் பார்க்க முடியவில்லைதான். ஆனாலும் உயர்ந்த பனைமர வரிசையின் கீழ் மாமி பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து மெல்ல நடந்தார். பெரிய ஜாவா அத்தி மரத்தின் நிழலில் எல்லோரும் இருந்து பேரீச்சம்பழம் சாப்பிட்டோம். பின்னேரம் கண்டிக்குப் போய் வாவியோரமாய் நடந்தோம். 1807ஆம் ஆண்டு ஸ்ரீ விக்ரம ராஜசிங்க மன்னன் அமைத்த வாவி அது. இரண்டு பிள்ளைகளின் உம்மாவான நான் ஒரு பயணத்தில் கைவீசி நடந்தது அன்றுதான் முதல் தடவை.

“இந்த முறைதான் மகள், நீயும் எங்களோடு வந்திருக்கிறாய்” என்றார் மாமி.

சகோதரிகளே, அடுத்த பயணத்துக்குப் பை கட்டும்போது, ‘இது தேவைப்பட்டால்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘இதை யார் சுமப்பது?’ என்றும் கேளுங்கள். பதில் ஒவ்வொரு முறையும் ‘நான்தான்’ என்று வந்தால், அந்தப் பையை அவிழ்த்து மீண்டும் கட்டுங்கள். இன்ஷா அல்லாஹ், போகும் இடத்தை நீங்களும் கண்குளிரப் பார்த்து வருவீர்கள்.