தாமான் நெகாராவில் மூன்று நாள்: கேமராவோடு புறப்படுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நீண்ட வார இறுதி வந்தால் கேமரன் மலை, பினாங்கு, லங்காவி என்று கிளம்பும் குடும்பங்கள் பல. கையில் ஒரு கேமராவும் துணைக்கு இரண்டு நண்பர்களுமாகப் பகாங்கின் தாமான் நெகாராவுக்குப் புறப்படுவோரும் உண்டு. திரும்பி வரும்போது அவர்களில் பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: மூன்று நாள் நடந்தும் ஒரு மிருகம் சிக்கவில்லை, எடுத்த படமெல்லாம் இருட்டு.

மிருகம் இல்லாததால் வரும் குறை அல்ல இது. காட்டை மிருகக்காட்சி சாலை போல நினைத்து, ஒரே நாளில் ஐந்து இடங்களுக்கு ஓடுவதால் வருவது. குறுகிய பயணத்தில் எத்தனை இடம் பார்த்தோம் என்பது முக்கியமல்ல. எந்த நேரத்தில் எந்த இடத்தில் அசையாமல் காத்திருந்தோம் என்பதுதான் படத்தைத் தீர்மானிக்கிறது.

பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது தாமான் நெகாரா. 1938-39இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரில் அமைக்கப்பட்ட இந்தப் பூங்கா, நாடு சுதந்திரம் பெற்ற பிறகே இன்றைய பெயரைப் பெற்றது. மூன்று நாளில் பார்க்க முடிவது இதன் ஒரு மூலையைத்தான். தெம்பிலிங் ஆறும் தஹான் ஆறும் சேரும் குவாலா தஹானே அந்த மூலை. அதை முழுதாகப் பார்த்தாலே போதும்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை. ஆறு பெருகும், பாதைகள் சேறாகும், படகுச் சேவை தடைபடும். 2014 டிசம்பர் பெருவெள்ளத்தின்போது இங்கு சிக்கிக்கொண்ட சுற்றுப்பயணிகளை ஹெலிகாப்டர் கொண்டு மீட்க வேண்டியிருந்தது. மார்ச் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே படமெடுக்க ஏற்றவை. பள்ளி விடுமுறையில் கூட்டமும் சத்தமும் அதிகம். முடிந்தவர்கள் வார நாள்களில் விடுப்பு எடுத்துச் செல்வது நல்லது.

போகும் வழி

கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலை வழியாகத் தெமெர்லோ, அங்கிருந்து ஜெராண்டுட். காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். கிழக்குக்கரை ரயில் பாதையிலும் ஜெராண்டுட்டில் நிலையம் உண்டு. அங்கிருந்து குவாலா தஹானுக்குச் சாலை வழியாக மேலும் ஒன்றரை மணி நேரம். குவாலா தெம்பிலிங் படகுத்துறையிலிருந்து ஆற்றின் மேல்நோக்கிப் படகில் போவதும் உண்டு. ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரம், மூன்று மணி நேரம் பிடிக்கும். ஆற்றங்கரையில் எருமைகளும் மீன்கொத்திகளும் தென்படும் என்பதால் கேமராக்காரர்களுக்கு இந்தப் படகுப் பயணமே முதல் வாய்ப்பு. முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ரொக்கப் பணத்தை ஜெராண்டுட்டிலேயே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. சைவம் சாப்பிடுவோர் அவல், ரொட்டி, ஊறுகாய், பழம் என்று கையோடு கொண்டு போக வேண்டும். ஆற்றின் மேல் மிதக்கும் உணவகங்களில் கிடைப்பது பெரும்பாலும் மலாய் உணவு.

கிராமம் ஒரு கரையில், பூங்கா அலுவலகம் எதிர்க்கரையில். சிறு படகில் கடந்ததும் அலுவலகத்தில் நுழைவு அனுமதி எடுக்க வேண்டும். கேமராவுக்குத் தனி அனுமதிச் சீட்டு உண்டு; கட்டணம் சிறியதுதான். காட்டுக்குள் சோதனை நடந்தால் காட்ட வேண்டும் என்பதால் இரண்டு சீட்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ட்ரோன் பறக்கவிட முன் அனுமதி இல்லாமல் முடியாது.

ஒளிதான் கணக்கு

ஊரில் காலை எட்டு மணிக்கு நல்ல வெளிச்சம். அதே நேரம் காட்டுக்குள் அந்தி போலத்தான் இருக்கும். உயர்ந்த மரங்களின் இலைக்கூரையைத் தாண்டித் தரைக்கு வரும் வெயில் மிகச் சொற்பம். அதனால்தான் படங்கள் இருட்டாகவோ கலங்கலாகவோ விழுகின்றன. கேமராவின் ஐஎஸ்ஓ அளவை 1600 அல்லது 3200 வரை உயர்த்தவும், கருவியை மரத்திலோ முக்காலியிலோ சாய்த்து எடுக்கவும் பழகிக்கொள்ள வேண்டும். இதை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள செம்பனைத் தோட்டத்திலோ பூங்காவிலோ ஒரு மாலை செய்து பார்த்துவிட்டுப் போனால் காட்டில் தடுமாற்றம் இருக்காது.

உச்சி வெயிலில் ஆற்றோரம் வெளுத்துப்போகும், காட்டுக்குள் வெள்ளையும் கறுப்பும் திட்டுத் திட்டாக விழும். அந்த நேரம் சாப்பிடவும் தூங்கவும்தான். மேகமூட்டமான பகலோ மழை விட்ட அரைமணி நேரமோ கிடைத்தால் விடக்கூடாது. இலைகளின் பச்சை அப்போதுதான் சரியாகப் பதியும்.

மூன்று நாளைப் பிரிப்பது எப்படி?

முதல் நாள் பிற்பகலில் அனுமதி வேலைகளை முடித்துவிட்டு, மாலையில் ஆறுகள் கூடும் இடத்தில் நிற்கலாம். இரவில் வழிகாட்டியோடு நடக்கும் இரவு நடை உண்டு. தவளை, சிலந்தி, குச்சிப்பூச்சி, இலையோடு இலையாக இருக்கும் வெட்டுக்கிளி ஆகியவை டார்ச்லைட் வெளிச்சத்தில் கைப்பேசியிலேயே அழகாக விழும்.

இரண்டாம் நாள் விடியும் முன்பே எழுந்து புக்கிட் தெரெசேக் ஏற வேண்டும். 340 மீட்டர் அளவுள்ள சிறு குன்றுதான். மேலே நின்றால் பள்ளத்தாக்கில் பனி விலகுவது தெரியும். வானம் தெளிந்திருந்தால் தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான 2,187 மீட்டர் குனோங் தஹானும் தென்படும். இறங்கும் வழியில் மர உச்சிகளுக்கிடையே கட்டப்பட்ட தொங்குபாலம் இருக்கிறது. பழுதுபார்ப்புக்கும் மழைக்கும் மூடப்படுவதுண்டு, கேட்டுவிட்டுப் போக வேண்டும். நடக்கையில் பாலம் ஆடும். நின்று, ஆட்டம் அடங்கிய பிறகே படம் எடுக்க முடியும்.

பிற்பகலில் தஹான் ஆற்றின் வழியே லாத்தா பெர்க்கோ அருவிக்குப் படகில் போகலாம். தேநீர் நிறத்து நீரின் மேல் இரு கரையிலிருந்தும் நேராம் மரங்கள் சாய்ந்து கூரை போட்டிருக்கும் காட்சி, இந்தப் பூங்காவுக்கே உரியது.

அன்றிரவு ‘பும்புன்’ எனப்படும் மறைவுக்குடிலில் தங்கலாம். மிருகங்கள் தாது உப்புக்காக மண்ணை நக்க வரும் இடங்களைப் பார்த்தபடி இவை கட்டப்பட்டுள்ளன. பும்புன் தஹான் அலுவலகத்துக்குப் பக்கம். பும்புன் கும்பாங் தொலைவு, படகில் பாதி தூரம் போய்ப் பின்பு நடக்க வேண்டும். அலுவலகத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அங்கே பேச்சு, சமையல், வாசனைத் தைலம் எதுவும் கூடாது. கடமான் வரலாம், காட்டுப்பன்றி வரலாம், அதிர்ஷ்டம் இருந்தால் தபீர் வரலாம். எதுவும் வராமலும் போகலாம். புலியை எதிர்பார்த்துப் போகக்கூடாது. 2016-2020 தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி நாட்டுக் காடுகளில் எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு.

மூன்றாம் நாள் காலை அலுவலகத்தைச் சுற்றியுள்ள மரங்களே போதும். 350க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் உள்ள பூங்கா இது. அத்தி மரம் ஒன்று பழுத்திருந்தால் அதன் கீழ் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இருவாச்சிகள் வரும் வாய்ப்பு அதிகம்.

கருவியும் காலணியும்

விலை உயர்ந்த லென்ஸ் இல்லை என்று தயங்க வேண்டியதில்லை. ஆறு, மரம், பனி, பூச்சி எல்லாவற்றுக்கும் நல்ல கைப்பேசி போதும். கருவியின் பெரிய எதிரி ஈரம். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்சில் நீர் படியும். மூடிய பையிலேயே அரைமணி நேரம் வைத்துப் பிறகு எடுக்க வேண்டும். காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்துக் கேமராப் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்காது.

காலுக்கு, தோட்டத்தில் பால்மரம் சீவப் போட்ட அதே ரப்பர் காலணி போதும். ‘கம்போங் அடிடாஸ்’ என்று கேலியாகச் சொல்லப்படும் அதைத்தான் காட்டு வழிகாட்டிகளும் போடுகிறார்கள். அட்டைக்கு நீண்ட காலுறையும் கொஞ்சம் புகையிலையும். தோட்டத்துப் பாட்டிமாருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மனிதரைப் படமெடுக்கும்போது

இந்தக் காட்டில் வாழ்பவர்கள் பாத்தேக் பூர்வகுடி மக்கள். பயணக் குழுக்கள் அவர்களின் குடியிருப்புக்கும் அழைத்துப் போகின்றன. ஊதுகுழல் அம்பு எய்து காட்டுவார்கள், தீ மூட்டிக் காட்டுவார்கள். அங்கே கேமராவை இறக்கி வைத்து, வணக்கம் சொல்லி, வழிகாட்டி மூலம் கேட்டு, சம்மதம் கிடைத்த பிறகே எடுக்க வேண்டும். குழந்தைகளை, குடிசைக்குள் இருப்பவர்களைக் கேட்காமல் எடுப்பது தவறு.

பழைய மலாயா தோட்டப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பால் வாளியோடு நிற்கும் தமிழ்ப் பெண், வரிசையில் நிறுத்தப்பட்ட ஆண்கள் எனப் பல படங்களில் பெயரே இல்லை. ‘கூலிகள்’ என்ற ஒரு சொல்தான். அந்தப் படத்தில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கேமரா பிடிக்கிறார்கள். எதிரே நிற்பவரின் பெயரைக் கேட்டு, எடுத்ததை அவருக்குக் காட்டினால் இரண்டு நிமிடம்தான் கூடுதலாகும்.

வீடு திரும்பியதும் இன்னொரு வேலை உண்டு. அரிய மிருகமோ பறவையோ படத்தில் கிடைத்திருந்தால், சமூக ஊடகத்தில் போடுமுன் இருப்பிடக் குறிப்பை நீக்கிவிட வேண்டும். அது எங்கே நின்றது என்று தேடும் கண்களில் கண்ணி வைப்பவர்களின் கண்களும் உண்டு. பூங்காவின் பெயரைச் சொன்னால் போதும், பாதையைச் சொல்ல வேண்டாம்.