பொறியும் பொருளும்

எமது இல்லங்களிற் பிள்ளையொருவர் பொறியியற் பீடத்துக்குத் தெரிவாகிவிட்டால், அவரைப் பற்றிய கவலை அன்றோடு தீர்ந்ததென்றே பெற்றோர் எண்ணுகின்றனர். பொறியின் இயல்பை அறிந்தவருக்குப் பொருளின் இயல்பு தானே விளங்கிவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சென்ற விடுமுறையில் எம்மைக் காண வந்த பழைய மாணவர் ஒருவர் எமக்கு உணர்த்தினார்.

பேராதனையிற் பொறியியல் பயிலும் அவர், வன்னியிற் கச்சான் பயிரிடும் குடும்பத்திற் பிறந்தவர். தாயாரும் சகோதரியரும் விரல் நோகக் கோது உடைப்பதைக் கண்டு வளர்ந்தவர், அவ்வேலையைச் செய்யும் சிறு இயந்திரமொன்றைத் தாமே அமைத்தார். அது நன்றாகவே இயங்கியது. உடனே பட்டறை தொடங்கும் ஆவலும் பிறந்தது. தம் நகைகளை ஈடு வைத்துப் பணம் தரத் தாயாரும் உடன்பட்டுவிட்டார்.

“பிறகு என்ன நடந்தது, தம்பி?” என்றோம்.

“நல்ல வேளை, சேர். அதற்கு முன்னர்க் கணக்குப் படித்தேன்” என்றார்.

அவர் படித்தது இணையவழியே. அமெரிக்காவிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் வணிகக் கல்லூரி, 2012இல் தோன்றிய கோர்செரா என்னும் இணையத் தளத்தின் வாயிலாக, 2013 முதற்கொண்டு தன் ஆரம்ப வணிகப் பாடங்களை உலகத்தார்க்குக் கற்பித்து வருகின்றது. சந்தைப்படுத்தல், நிதிக் கணக்கியல், செயற்பாட்டு முகாமை என்பன அவற்றுட் சில. 1881இல் அக்கல்லூரி தோன்ற நிதி வழங்கிய யோசேப்பு வார்ட்டன், நிக்கலும் இரும்பும் உற்பத்தி செய்த கைத்தொழிலதிபர். உலையோடு பழகியவரே ஏட்டின் அருமையையும் உணர்ந்தார் போலும்.

விரிவுரைகள் சிறு சிறு பகுதிகளாய் அமைந்தவை. விளங்காத இடத்தை விடுதியறையிலிருந்தே மீண்டும் மீண்டும் கேட்கலாம். சான்றிதழ் வேண்டின் கட்டணம் உண்டு. வணிகச் சொற்கள் முதலில் இடர்ப்படுத்தினவாயினும் கணிதம் கைகொடுத்ததாம். இதில் வியப்பில்லை. இரட்டைப் பதிவு முறையை விளக்கி, 1494இல் வெனிசு நகரில் அச்சேறிய நூலை எழுதிய லூக்கா பச்சோலி ஒரு கணித அறிஞரே.

இனி, மாணவர் எமக்கு எழுதிக் காட்டிய கணக்கைக் காண்போம். இயந்திரமொன்றை 60,000 ரூபாவுக்கு விற்கலாம். இரும்புக்கும் கூலிக்கும் 45,000 செல்லும். மிகுவது 15,000. அதனையே இலாபமென முன்னர் அவர் மகிழ்ந்திருந்தார். ஆயின், ஒன்றும் விற்காத மாதத்திலும் பட்டறை வாடகை 25,000, உதவியாளர் சம்பளம் 45,000, மின்சாரமும் பிறவும் 10,000 கொடுத்தே தீரவேண்டும். கருவிகளின் விலை 600,000. ஐந்தாண்டிற் பயனற்றுப்போகும் அவற்றின் பெறுமானத் தேய்வு மாதம் 10,000. ஆக 90,000. இதனை 15,000ஆல் வகுத்தால் விடை 6. மாதந்தோறும் ஆறு இயந்திரங்கள் விற்றாற்றான் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்னும் நிலையே வரும். ஈட்டின் வட்டி இதிற் சேரவில்லை.

அயலூர்களில் விசாரித்தபோது, மாதம் இரண்டுக்கு மேல் வாங்குவாரைக் காணவில்லை. வாங்குவோரும் அறுவடை முடிந்த பின்னரே காசு தருவர். ஏட்டில் இலாபம் இருக்கும். பெட்டியிற் காசு இராது. ஈடு பிடித்தவரோ ஏட்டைப் பார்த்து வட்டியைத் தள்ளார். இலாபம் வேறு, காசு வேறு என்னும் இப்பாடமே தாயாரின் நகைகளைக் காத்தது.

அதற்காக அவர் முயற்சியைக் கைவிட்டாரில்லை. செய்து முடித்த ஓர் இயந்திரத்தையே அறுவடைக் காலத்தில் ஊரூராய்க் கொண்டுசென்று, மூடைக்கு 150 ரூபா வாங்கிக் கோது உடைத்துக் கொடுக்கத் திட்டமிட்டுள்ளார். எரிபொருளுக்கும் கூலிக்கும் 50 போக மிகுவது 100. 450 மூடையில் இட்ட முதல் மீளும். மீளாவிடினும் வீடு தளம்பாது.

இவற்றையெல்லாம் தாயாருக்கு விளக்கியபோது, “தீனிக் காசைக் கழிக்காமல் முட்டைக் காசைச் செலவழிக்கக் கூடாதென்று நான் கோழி வளர்த்தபோதே சொன்னேனே” என்றாராம். சொல்லிச் சிரித்தார் மாணவர். யாமும் சிரித்தோம்; ஆயினும் எம் உள்ளம் சற்றே உறுத்தியது. கணிதப் பிரிவு மாணவர் வர்த்தகப் பிரிவினரை இளக்காரமாய்ப் பேசுவதை வகுப்பறையிற் பலமுறை கேட்டும், யாம் திருத்தாது விட்டதுண்டு.

பெற்றோரே, உங்கள் பிள்ளை பொறி செய்யக் கற்கட்டும். அதனோடு, வீட்டு வரவு செலவு எழுதும் கொப்பியையும் அவர் கையிற் கொடுங்கள். இணையத்திற் கற்பதற்கு முன்னரே அடுக்களையிற் கற்கத்தக்க பாடம் அது.