படகுகள் ஐந்து, தடங்கள் இரண்டு: மட்டாஞ்சேரி வழியே ஓர் உகப்பாக்கக் கணக்கு

கொச்சி: கொச்சி நீர் மெட்ரோவின் மட்டாஞ்சேரி முனையம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தொடங்கிய இச்சேவையின் முழுத் திட்டத்தில் 38 முனையங்களும் 78 படகுகளும் இடம்பெற்றுள்ளன. புதிய முனையம் திறக்கப்படும்போது, கையில் உள்ள படகுகளில் எத்தனையை எந்தத் தடத்தில் இயக்குவது என்ற கேள்வி எழுகிறது. இத்தகைய கேள்விகளுக்கு விடை காணும் கணிதப் பிரிவே உகப்பாக்கம்.

மூன்று கூறுகள்

எதைத் தீர்மானிக்க வேண்டும், எதை அதிகமாக்க அல்லது குறைக்க வேண்டும், எந்த வரம்புகளை மீறக் கூடாது என்ற மூன்றும் முதலில் வரையறுக்கப்படுகின்றன. இவை முறையே தீர்மான மாறிகள், குறிக்கோள் சார்பு, கட்டுப்பாடுகள் எனப்படும்.

ஒரு கற்பனைக் கணக்கு

ஒரு மணி நேரத்தில் ஒரு படகு ஃபோர்ட் கொச்சித் தடத்தில் 150 பேரையும், மட்டாஞ்சேரித் தடத்தில் 120 பேரையும் ஏற்றிச் செல்லும் எனக் கொள்வோம். காத்திருப்போர் முறையே 450, 360 பேர், படகுகள் 5. மொத்தப் பயணிகளை அதிகமாக்குவதே குறிக்கோள் எனில், ஃபோர்ட் கொச்சிக்கு 3, மட்டாஞ்சேரிக்கு 2 படகுகள் ஒதுக்கப்படும். 690 பேர் பயணிப்பர். ஆனால், மட்டாஞ்சேரியில் 120 பேர் கரையிலேயே நிற்பர்.

அங்கு குறைந்தது 300 பேர் ஏற வேண்டும் என்ற கட்டுப்பாட்டைச் சேர்த்தால், இரண்டரைப் படகுகள் போதும். படகைப் பாதியாகப் பிரிக்க இயலாது என்பதால் விடை 3 ஆகிறது. மொத்தப் பயணிகள் 660 ஆகக் குறைவர். முழு எண் விடை தேவைப்படும் இவ்வகைக் கணக்குகள், மாறிகள் பெருகும்போது மிகக் கடினமாகின்றன.

தீர்க்கும் கருவிகள்

அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறை, நேரியல் திட்டமிடலுக்கு அடித்தளமிட்டது. குவாலியரில் பிறந்த நரேந்திர கர்மார்க்கர், 1984-இல் பெல் ஆய்வகத்தில் பணியாற்றியபோது, பெரிய கணக்குகளுக்கு ஏற்ற மற்றொரு முறையை வெளியிட்டார்.

இன்று சிறிய கணக்குகளுக்கு எக்செல் செயலியில் உள்ள 'சால்வர்' வசதியே போதுமானது. ஹைஸ், ஜிஎல்பிகே ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. குரோபி, சிப்ளெக்ஸ் ஆகியவை வணிக மென்பொருள்கள்.

எனினும், கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே மென்பொருள் விடையளிக்கும். மேற்கண்ட கணக்கில் 690, 660 ஆகிய இரண்டுமே சரியான விடைகள். கூடுதலாக 30 பேரை ஏற்றுவதா, மட்டாஞ்சேரியில் காத்திருப்போருக்கு இடமளிப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் மனிதர்களே.