பாக்டீரியாவுக்கும் சமைத்துப் போட வேண்டும்!

சாத்தூர்க் காராச்சேவைச் சாப்பிட்டிருக்கிறீர்களா? சாப்பிடாதவர்களும் பெயரையாவது கேள்விப்பட்டிருப்பீர்கள். அதிலுள்ள கடலை மாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பங்கு புரதம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த நீண்ட மாலை. நம் வயிற்றிலும் குடலிலும் வேலை செய்யும் பெப்சின், டிரிப்சின் முதலிய நொதிகள் அந்த மாலையைத் துண்டு துண்டாக அறுத்த பிறகே அது உடம்பில் சேர்கிறது.

சரி, அதே கடலை மாவை ஒரு பாக்டீரியாவிடம் கொடுத்தால்? அதற்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நீரில் கரைந்த சிறு பொருள்களைத்தான் தன் சவ்வின் வழியே உள்ளே இழுத்துக்கொள்ள முடியும். சில பாக்டீரியாக்கள் நொதியை வெளியே கசியவிட்டுப் புரதத்தைக் கரைத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆகவே சோதனைக்கூடத்தில் அவற்றை வளர்ப்பவர்கள், அவற்றுக்காகப் புரதத்தை முன்கூட்டியே செரிக்கவைத்துக் கொடுக்கிறார்கள்! அப்படிச் செரித்த புரதமே பெப்டோன். இளமஞ்சள் நிறத் தூளாகக் கிடைக்கும். 1 லிட்டர் நீரில் 5 கிராம் பெப்டோனும் 3 கிராம் மாட்டிறைச்சிச் சாரமும் கரைத்தால், பல பாக்டீரியாக்களுக்கு நல்ல விருந்து.

பெப்டோனில் இன்னொரு வசதியும் உண்டு. வளர்ப்புக் கரைசலில் வேறு கிருமிகள் இருக்கக்கூடாது என்பதற்காக அதை 121 டிகிரி சென்டிகிரேட் நீராவியில் வேகவைப்பார்கள். முட்டையின் வெள்ளைக் கருவை அப்படி வேகவைத்தால் கெட்டியாகிவிடும் அல்லவா? பெப்டோன் கெட்டியாகாது, தெளிவாகவே நிற்கும். பிறகு பாக்டீரியா பெருகும்போது கரைசல் கலங்கும். அந்தக் கலங்கல்தான் ஆய்வாளருக்கு அடையாளம்.

புரதத்தைச் செரிக்கவைப்பது எப்படி? நொதியைச் சேர்ப்பது ஒரு வழி. ஆட்டுக்கறி சீக்கிரம் வேகவில்லை என்றால் ஒரு துண்டு பப்பாளிக்காயைப் போடுவதை உங்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள். பப்பாளிக்காயின் பாலில் பப்பாயின் என்ற நொதி இருக்கிறது. அதே பப்பாயினைக் கொண்டு சோயா மாவிலிருந்து பெப்டோன் செய்கிறார்கள். மற்றொரு வழி, அமிலத்தில் வேகவைப்பது. இந்த இரண்டாவது வழிக்கு நம் நாட்டிலேயே ஒரு வரலாறு உண்டு.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. மக்கள் கூட்டங்கூட்டமாக நகரை விட்டு வெளியேறினார்கள். வால்டெமார் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கிடைத்த சிறிய இடத்தில் தடுப்பூசி ஆய்வைத் தொடங்கினார். பிளேக் பாக்டீரியாவை ஏராளமாக வளர்த்து, சூட்டினால் கொன்று, ஊசி மருந்தாக்குவது அவர் திட்டம். ஆனால் எதில் வளர்ப்பது? ஐரோப்பாவில் மாட்டிறைச்சிச் சாறு வழக்கம். பெப்சின் நொதியோ பன்றியின் இரைப்பையிலிருந்து கிடைத்தது. இவற்றில் தயாரான மருந்தை இந்துக்களும் முஸ்லிம்களும் போட்டுக்கொள்வார்களா? மக்கள் மறுத்துவிட்டால் மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன பயன்!

ஹாஃப்கின் ஆட்டிறைச்சியை எடுத்தார். அதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செரிக்கவைத்துச் சாறாக்கினார். சாற்றின் மேல் சில துளி நெய்யை மிதக்கவிட்டார். நெய்யின் அடியிலிருந்து பாக்டீரியாக் கூட்டம் ஆலம் விழுதுபோலத் தொங்கி வளர்ந்தது. 1897 ஜனவரி 10 அன்று அந்தத் தடுப்பூசியை முதலில் தம் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். துணிச்சல்காரர்தான்! அவருடைய ஆய்வுக்கூடம் 1925 முதல் ஹாஃப்கின் நிறுவனம் என்று அழைக்கப்படுகிறது. பிற்காலத்தில் சாஹிப் சிங் சோக்கே அதன் இயக்குநராக இருந்தபோது, ஆட்டிறைச்சியின் இடத்தைப் பால் பிடித்தது. பாலைத் திரித்தால் கிடைக்கும் கேசின் என்ற புரதத்தை அமிலத்தில் சிதைத்து, அதில் பிளேக் பாக்டீரியாவை வளர்த்தார்கள்.

அமிலம் ஒரு முரட்டுச் சமையற்காரன். மாலையை அறுக்கும்போது டிரிப்டோஃபேன் என்ற மணியை அழித்துவிடும். பிளேக் பாக்டீரியாவுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. வேறு இடத்தில் இதுவே ஆபத்தாகலாம். வைப்பாற்று மணலில் தோண்டிய ஊற்று நீரோ, வீட்டுக் கிணற்று நீரோ பார்வைக்குப் பளிங்குபோல இருக்கலாம். அதில் மலக்கழிவு கலந்திருக்கிறதா என்பதை அறிய, குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவைத் தேடுகிறார்கள். அது டிரிப்டோஃபேனைச் சிதைத்து இண்டோல் என்ற பொருளை உண்டாக்கும். சோதனைக் குழாயில் சில துளி வினைப்பொருளை விட்டால் மேலே சிவப்பு வளையம் தோன்றும்.

அமிலத்தில் சிதைத்த கேசினில் இந்தச் சோதனையைச் செய்தால் என்ன ஆகும்? பாக்டீரியா இருக்கும், அது சிதைப்பதற்கு டிரிப்டோஃபேன் இருக்காது. வளையம் தோன்றாது. கெட்ட நீருக்கு நல்ல நீர் என்று சான்று கிடைத்துவிடும்! ஆகவே இந்தச் சோதனைக்கு நொதியால் செரித்த கேசினைத்தான் எடுக்க வேண்டும். இரண்டும் ஒரே பாலில் பிறந்த, ஒரே மாதிரித் தூள்கள். அதனால்தான் சோதனைக்கூடத்தில் குப்பியின் மேலுள்ள சீட்டைப் படித்த பிறகே மூடியைத் திறக்கிறார்கள்.