என்ன சாப்பிட்டான்? சரி... எதில் சாப்பிட்டான்?

"டாக்டர், டிபன் பாக்ஸ் கொடுத்தனுப்பின மாதிரியே திரும்பி வருது. சாயங்காலம் வந்ததும் வயித்தைப் பிடிச்சிக்கிட்டு சுருண்டு படுத்துக்கிறான்!"

பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் போதும்... வெம்பாக்கத்தில் என்னைத் தேடி வரும் தாய்மார்கள் பலருக்கும் இதே புலம்பல்தான். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று பட்டியல் வரும். "எங்கே உட்கார்ந்து, எதில் போட்டு, எத்தனை நிமிஷத்தில் சாப்பிடுகிறான்?" என்று கேட்டால் பதில் வராது!

சோற்றின் மாவுச்சத்து செரிக்க ஆரம்பிப்பது வயிற்றில் இல்லை, வாயில். மென்று, உமிழ்நீர் கலந்தால்தான் அந்த வேலை நடக்கும். படிக்கட்டில் குந்தி, மடியில் டப்பாவை வைத்து, மணி அடிப்பதற்குள் அள்ளிப் போட்டால் எப்படி மெல்ல முடியும்? நல்ல சாப்பாடுகூட மந்தத்தைத்தான் கொடுக்கும்.

பசி போச்சு... பந்தி?

பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடுவதில் தமிழ்நாடு யாருக்கும் இளைத்ததில்லை. 1920-லேயே சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கு பள்ளியில் மதிய உணவு தர முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவு! 1956-ல் காமராஜர் அதை மாநிலம் முழுதும் கொண்டுபோனார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். 1989-ல் முட்டை சேர்ந்தது. 2022-ல் காலை உணவும் வந்தது.

பசிக்கு வழி பிறந்துவிட்டது. ஆனால் பல பள்ளிகளில் சத்துணவுப் பிள்ளைகள் ஒரு பக்கம், டிபன் பாக்ஸ் பிள்ளைகள் ஒரு பக்கம். தாழ்வாரமோ மரத்தடியோ, கிடைத்த இடம்தான் பந்தி!

ஜப்பான் என்ன செய்தது?

சாப்பாட்டோடு இடத்தையும் தட்டையும் சேர்த்து யோசித்த நாடு ஜப்பான். அங்கே 1889-ல் ட்சுருவோகா என்ற ஊரில், ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டை கொடுத்துத் தொடங்கிய வழக்கம், 1954-ல் சட்டமே ஆனது. பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளே வெள்ளைத் துணி கட்டி, தலைக்குத் தொப்பி போட்டுப் பரிமாறுவார்கள். மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, வாத்தியாரும் அவர்களோடு அதே சாப்பாட்டைச் சாப்பிடுவார்.

உலகப் போருக்குப் பின் அங்கே ரொட்டிதான் பள்ளிச் சாப்பாடு. கையில் முள் வைத்த ஸ்பூன். அதனால் பிள்ளைகள் தட்டில் முகத்தைக் கவிழ்த்துச் சாப்பிடுகிறார்கள் என்று பெரியவர்கள் கண்டித்தார்கள். 1976-ல் சோறு முறைப்படி சேர்ந்தது. கிண்ணத்தைக் கையில் ஏந்திக் குச்சியால் உண்ணும் பழக்கமும் பள்ளிக்குத் திரும்பியது. 1990-களின் கடைசியில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தட்டிலிருந்து பிஸ்பினால்-ஏ என்ற ரசாயனம் கசியும் என்ற கவலை எழுந்தபோது, பல ஊர்கள் தட்டுகளையே மாற்றிவிட்டன!

நம்ம இலை, நம்ம தட்டு

நமக்கு இதெல்லாம் புதுசா என்ன? தரையில் பாய் விரித்து, வரிசையாக உட்கார்ந்து, எல்லோருக்கும் பரிமாறிய பிறகு கை வைப்பதுதானே நம் பந்தி! வாழை இலையும், மந்தாரை இலையைத் தைத்த தையல் இலையும் உண்கலமாக இருந்தன. ஒரு முறை உண்டு எறிந்தால் மண்ணோடு மண்.

ஆனால் பழசு என்பதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் பிடிக்க வேண்டாம். ஈயம் பூசாத பித்தளையில் புளி, எலுமிச்சை, தயிர் வைத்தால் களிம்பு ஏறும். குமட்டலும் வாந்தியும் வரும். பள்ளிக்கு எவர்சில்வரே நல்லது.

நீங்கள் செய்ய வேண்டியது

* கொதிக்கக் கொதிக்கச் சோற்றைப் பிளாஸ்டிக் டப்பாவில் போடாதீர்கள். எவர்சில்வர் டப்பாவுக்குள், தணலில் வாட்டிய வாழை இலையை விரித்துக் கட்டிக் கொடுங்கள். மணமும் கூடும், பிள்ளையும் ஆசையாய்த் திறப்பான்.

* டப்பாவோடு ஒரு சின்னத் தட்டு வையுங்கள். போட்டுச் சாப்பிட்டால் அவசரம் குறையும்.

* அடிக்கடி மந்தம் என்றால், சீரகம் போட்டுக் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரைக் கொடுத்தனுப்பலாம். வலி நாலு நாள் தொடர்ந்தாலோ, காய்ச்சல், வாந்தி இருந்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.

* ராத்திரி ஒரு வேளையாவது டி.வி.யை அணைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். ஆரணிப் பக்கம் தறி வீடுகளில் அப்பா குழியில், அம்மா ராட்டையில், பிள்ளை வாசலில் என்று ஆளுக்கொரு பக்கம் சாப்பிடுவதைப் பார்க்கிறேன். அந்த ஒரு வேளை தறி காத்திருக்கட்டும்!

* அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில், மார்க்கைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். "சாப்பிட நிழலான இடம் இருக்கா? கை கழுவக் குழாயும் சோப்பும் இருக்கா? சத்துணவுப் பிள்ளையும் எம் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்காருகிறார்களா?" என்றும் கேளுங்கள்.

அப்படிக் கேட்பதற்குக் காசு பணம் தேவையில்லை. நாலு பெற்றோர் சேர்ந்து எழுந்து நின்றாலே போதும்!